நிட்டை கலைந்த பின்!

"கண்ணை மூடு, கவலை மறையும், மூச்சை அடக்கு, முன்வினை எரியும், உள்ளே பார், ஊழ் உன்னை விட்டு ஓடும்!" என்று உபதேசிப்போர் இன்று ஊருக்கு ஊர் உளர். 2014-இல் ஐக்கிய நாடுகள் அவை ஜூன் 21-ஐ யோக நாளாக அறிவித்த பிறகு, அந்த உபதேசத்துக்கு உலக முத்திரையும் கிடைத்துவிட்டது. முதுகு வலிக்கு ஆசனம் நல்லதென்றால் செய்துவிட்டுப் போகட்டும். அதில் நமக்கு வழக்கில்லை. நாம் கேட்பது வேறு. துன்பத்தின் காரணத்தைக் கண்டறிந்தோம், அதனை வேரோடு கல்லவும் வழி கண்டோம் என்கிறதே யோக நூல், அந்தக் காரணம் இருப்பது எங்கே? மனத்திலா, மண்ணிலா?

விடை தேடி இமயத்துக்கு ஏக வேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டிலே, பொற்றையடிக்கு அருகே மருந்துவாழ்மலை மீது ஏறி நின்றாலே போதும். மலையிலேயே பிள்ளைத்தடம் என்னும் குகை. கீழே, சிறிது தொலைவில், சாமித்தோப்பு. தெற்கே குமரிக் கடலும் அதில் நிமிர்ந்து நிற்கும் பாறையும். 1833-க்கும் 1892-க்கும் இடைப்பட்ட 60 ஆண்டுகளில் இந்த மூன்று இடங்களிலும் மூன்று மனிதர்கள் கண்மூடி அமர்ந்தனர். அமர்ந்ததில் வியப்பில்லை, இந்நாட்டில் அமர்ந்தோர் ஆயிரமாயிரம். எழுந்தபோது என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்பதே நமக்கு வேண்டுவது.

முதலில் நூலைப் பார்ப்போம். எதிர்ப்பதாயினும் படித்துவிட்டு எதிர்ப்பதே பகுத்தறிவாளனுக்கு அழகு. பதஞ்சலியின் யோக சூத்திரம் கி.பி. 400-ஐ ஒட்டி உருப்பெற்றது என்பர் ஆய்வாளர் பலர். (பாதி பாம்பும் பாதி மனிதனுமாகத் தில்லையிலே கூத்துக் காண வந்தவர் அவர் என்பது புராணம், அந்தப் பாம்பை அங்கேயே விட்டுவிடுவோம்.) நான்கு பகுதிகள், இருநூறுக்குச் சற்றுக் குறைந்த சூத்திரங்கள். உள்ளத்தை ஓரிடத்தில் நிறுத்துவது முதற்படி. நிறுத்திய நினைவு அறுபடாமல் ஒழுகுவது அடுத்தது. நினைப்பவன் தன்னையே மறந்து, நினைக்கப்படும் பொருள் மட்டுமே ஒளிர்வது சமாதி. இந்த நிட்டை எதற்காக? துன்ப வேர்களை மெலிவிப்பதற்காக. அறியாமை, 'நான்' என்னும் முனைப்பு, விருப்பு, வெறுப்பு, சாவுக்கு அஞ்சி உயிரைப் பற்றிக் கிடத்தல் என வேர்கள் ஐந்து. அவற்றுள் அறியாமையே மற்ற நான்கும் முளைக்கும் வயல். வியாசர் பெயரால் வழங்கும் உரை இதனை மருத்துவத்தோடு ஒப்பிட்டு, நோய், நோய்க்குக் காரணம், நலம், மருந்து என்று நான்காக வகுக்கிறது. வறுத்த விதை முளைக்காதது போல, மெய்யறிவால் எரிந்த வேர் மீண்டும் துளிர்க்காது என்கிறது.

கூர்மையான ஆராய்ச்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே நூலில் இன்னொரு சூத்திரமும் இருக்கிறது. அந்த வேர் உள்ளவரை வினை பழுக்கும். பழுத்த கனி மூன்று: பிறப்பு, ஆயுள், நுகர்ச்சி! பிறப்பு என்பதற்கு அங்கே நிற்கும் சொல் 'சாதி'. எந்த வகை உயிராகப் பிறப்பது என்பதே அச்சொல்லின் அங்குள்ள பொருள் என்று பண்டிதர் கூறுவர். ஆகட்டும். ஆனால் சேற்றில் நின்றவனிடம் அதை எப்படிச் சொன்னார்கள்? "நீ இன்ன குடியில் பிறந்தது உன் முன்வினை, உன் துன்பத்துக்கு நீயே காரணம்" என்றுதானே! நோயாளியையே குற்றவாளியாக்கிவிட்டு, மருத்துவன் கை கழுவிக்கொண்டான்.

நூலுக்கு நீதி செய்ய இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொல்லாமை முதலிய நோன்புகள் சாதியாலும் இடத்தாலும் காலத்தாலும் வரையறுக்கப்படாமல் எங்கும் எவர்க்கும் பொதுவாக இருந்தால்தான் அவை பெருநோன்பு என்றும் அது கூறுகிறது. "தேவர்க்காகவும் அந்தணர்க்காகவும் அல்லாமல் கொல்லேன்" என்பவனின் நோன்பு குறைபட்டது என்று உரைகாரர் எடுத்துக்காட்டுகிறார். இந்தச் சூத்திரத்தை மேடையேறி முழங்கிய மடாதிபதி எவரையும் நாம் கேட்டதில்லை. ஏனோ!

அறியாமை என்றால் என்ன என்றும் அந்நூல் வரையறை தருகிறது. நிலையாததை நிலையானதாகவும், துன்பத்தை இன்பமாகவும், தானல்லாததைத் தானாகவும், தூய்மையற்றதைத் தூயதாகவும் காண்பது அறியாமை. இந்த அளவுகோலைப் பழைய திருவிதாங்கூரின் மீது வைத்துப் பாருங்கள், தோழர்களே! பிறப்பால் தூயவன், பிறப்பால் தீட்டானவன் என்று மனிதனைப் பிரித்த நாடு அது. நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியலாகாது என்று 1829-இல் அரசே ஆணையிட்டது. தலைவரி உண்டு, கூலியில்லா ஊழியம் உண்டு, அடிமை வழக்கம் உண்டு. தாலிக்கும் சருகுக்கும் கைத்தடிக்கும் கூட வரி கேட்டான் என்று அகிலத்திரட்டு அடுக்குகிறது. பதஞ்சலியின் கணக்குப்படியே பார்த்தாலும் அறியாமையும் முனைப்பும் வெறுப்பும் முற்றிக் கிடந்தது யாரிடம்? வரி வாங்கியவனிடம். கண்மூடி அமர்ந்திருக்க வேண்டியவன் அவன்! அவன் அமரவில்லை. அமர்ந்தவன் வரி கொடுத்தவன்.

1809-இல் பிறந்தவர் முத்துக்குட்டி. முடிசூடும் பெருமாள் என்று பெற்றோர் இட்ட பெயரை, "உமக்கு முடி ஒரு கேடா?" என்று மேல்சாதியார் மாற்ற வைத்தனர் என்பது வழிவழிச் செய்தி. நோயுற்ற நிலையில் 1833-இல் திருச்செந்தூர் சென்றார். திரும்பியபோது வைகுண்டராக வந்தார். கடலுக்குள் சென்று திருமாலின் மகனாக எழுந்தார் என்பது அன்பர் நம்பிக்கை. நாம் நம்பவில்லை. அதற்காக, 'அவதாரம்' என்ற சொல் காதில் விழுந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் நம் தோழர் சிலரோடும் நாம் உடன்படவில்லை. கதையை விடுங்கள், காரியத்தைப் பாருங்கள்.

இன்று சாமித்தோப்பு எனப்படும் அந்த ஊரிலே ஆறடிக் குழியில் இறங்கி அமர்ந்தார், இரண்டாண்டு. பிறகு தரையில், இரண்டாண்டு. பிறகு உயர்ந்த பீடத்தில், இரண்டாண்டு. முதல் தவம் யுகத்துக்காக, அடுத்தது தம் மக்கள் குலத்துக்காக, மூன்றாவது பெண்களுக்காக என்று அய்யாவழியார் பகுத்துரைப்பர். பதஞ்சலியின் யோகி தன் ஒருவனின் விடுதலைக்காக அமர்கிறான். முடிவில் அவன் அடைவதற்கு நூல் சூட்டும் பெயரே 'தனிமை' என்று பொருள்படும் கைவல்யம். இவரோ குழிக்குள் போகும்போதே ஊரைக் கூட்டிக்கொண்டு போனார்! துன்பத்துக்குக் காரணம் எது என்று கேட்டார். கலி என்று கண்டார். கலி எங்கே? மனத்திலும் உண்டு. அதோடு நில்லாமல் அனந்தபுரத்து அரியணையிலும் உண்டு என்று விரல் நீட்டினார். அரசனைக் கலிநீசன் என்றார். வெள்ளையனை வெண்நீசன் என்றார். நிட்டையிலிருந்து எழுந்தவன் வாயில் இப்படி ஒரு சொல்லை எந்த யோக நூலும் எதிர்பார்க்கவில்லை.

அரசு சும்மா இருக்குமா? சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1838-39 வாக்கில், திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தனர். உன் சாதியாரோடு மட்டும் பழகுவேன் என்று எழுதிக் கொடு, விடுகிறோம் என்றார்களாம்; எழுதித் தர மறுத்தாராம். விடுதலை பெற்றுத் திரும்பியவர் மக்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று துவையல் பந்தி நடத்தினார். சுமார் 700 குடும்பங்கள் என்பர். துணி துவைத்து, நீராடி, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக உண்டு வாழும் பயிற்சி. 'தீட்டு' என்று எந்த உடலை ஒதுக்கினார்களோ அந்த உடலை அவர்களே மதிக்கக் கற்றுக்கொள்ளும் பள்ளி அது. ஊருக்குப் பொதுக்கிணறு; ஆண்கள் தலைப்பாகை கட்டி வழிபட வேண்டும் என்ற விதி. தலையில் துண்டு கட்டினால் உதைபட்டவனுக்குத் தலைப்பாகையே வழிபாடு! நிழல் தாங்கல்களில் சிலைக்குப் பதில் கண்ணாடி. 1851-இல் அவர் மறைந்தார். இலண்டன் மிஷன் ஊழியர்கள் தம் அறிக்கைகளில் இந்த இயக்கத்தைத் தம் பணிக்குத் தடையென எழுதி வைத்தனர். அதன் வலிமைக்கு வேறு சான்று வேண்டுமா?

அரை நூற்றாண்டு கழித்து மருந்துவாழ்மலைக் குகைக்கு வந்தவர் நாணு என்னும் ஈழவர் குல இளைஞர். பின்னாளில் நாராயண குரு. தைக்காட்டு அய்யாவிடம் யோகம் பயின்றவர், தமிழில் பதிகம் பாடியவர், ஒழிவிலொடுக்கத்தை மலையாளமாக்கியவர். யோகம் முற்றிய பின் அவர் குகையிலேயே தங்கிவிடவில்லை. 1888-இல் அருவிப்புறத்தில் ஆற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனென்று நிறுவினார். பிள்ளையார் சிலையை உடைத்தவர்களின் வழிவந்த நமக்குச் சிவலிங்கம் நிறுவியதில் என்ன மகிழ்ச்சி என்று கேட்கலாம். கல்லில் மகிழ்ச்சியில்லை, நிறுவிய கையில்தான்! அந்தக் கைக்கு அந்த உரிமை இல்லை என்று ஆயிரம் ஆண்டு சொல்லி வந்தார்கள். பின்னர் அவர் விளக்கு வைத்தார், பள்ளிக்கூடம் கேட்டார். 1927-இல் களவங்கோட்டில் கண்ணாடியையே நிறுவினார். குகைக்கும் குழிக்கும் நடந்து போகும் தொலைவுதான். இரண்டின் முடிவிலும் கண்ணாடி. ஒருவரிடமிருந்து மற்றவர் பெற்றாரா என்ற ஆராய்ச்சிக்குள் நாம் நுழையவில்லை. இழிவென்று சொல்லப்பட்ட முகத்தை அதன் உரியவனே நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்ற தேவை இருவர்க்கும் ஒன்றாக இருந்தது.

மூன்றாமவர் 1892 டிசம்பரில் குமரிப் பாறையில் அமர்ந்த விவேகானந்தர். அங்கே தமக்குத் தோன்றியதை 1894-இல் சிகாகோவிலிருந்து எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். பட்டினி கிடப்பவனிடம் தத்துவம் பேசித் திரிவது பைத்தியக்காரத்தனம். துறவிகள் வரைபடமும் நிழற்படக் கருவியும் உலக உருண்டையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போய்க் கல்வி தர வேண்டும் என்பது அதன் சாரம். போற்றத்தக்க பேச்சு. 1896-இல் பதஞ்சலியின் நூலை ஆங்கிலத்தில் விளக்கி உலகுக்கு எடுத்துச் சென்றவரும் அவரே. ஆனால் 1897-இல் சென்னையில் பேசியபோது, பிற்படுத்தப்பட்டோர் உயர வழி வடமொழி கற்பது, சண்டையிடுவதல்ல என்று அறிவுரை வழங்கினார். தமிழ் பேசிப் பனையேறியவனுக்கு இது என்ன மருந்து? மலபாரின் சாதி வெறியைப் பைத்தியக்கார விடுதி என்று சுட்டியவரே, மருந்தை மட்டும் நோய் வந்த கடையிலேயே வாங்கச் சொன்னார். பாறையில் எழுந்த மண்டபம் 1970-இல் திறக்கப்பட்டது; தியானத்துக்கென அங்கே தனி அறையும் உண்டு. அடுத்த பாறையில் 2000 சனவரி 1 முதல் 133 அடி உயரத்தில் வள்ளுவர் நிற்கிறார். தவத்துக்கு அவர் தந்த இலக்கணத்தில் மூச்சடக்கல் இல்லை; தனக்கு வந்த நோவைத் தாங்குவதோடு, பிற உயிர்க்கு நோவு தராதிருத்தலையும் சேர்த்தே கேட்கிறார். இரண்டாவது பாதியைத்தான் ஆண்டோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துன்பத்தின் வேர்கள் எப்போது அறுந்தன? நிட்டையால் அல்ல, நிட்டை கலைந்து எழுந்தவர்களாலும், எழுந்தவர்களைக் கண்டு எழுந்தவர்களாலும், அடிபட்டும் ஆடை கிழிந்தும் தெருவில் நின்ற பெண்களாலும். அடிமை முறை 1855-இல் ஒழிந்தது. மேலாடைத் தடை 1859 ஜூலையில் தளர்ந்தது. தலைவரி 1865-இல் போயிற்று. சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கே 1926-இல் அறப்போர் வேண்டியிருந்தது. கோயில் நுழைவு ஆணை பிறந்தது 1936 நவம்பர் 12-இல். முத்துக்குட்டி சாமித்தோப்புக் குழியில் இறங்கி அப்போது 103 ஆண்டுகள் ஆகியிருந்தன.