நந்தா தேவி: அடைபட்ட வாசல்

கார்வால் இமயத்தில் 7,816 மீட்டர் உயர்ந்து நிற்கும் நந்தா தேவியைச் சூழ்ந்துள்ளது மலைமதில். ரிஷி கங்கை அறுத்த பிளவே அதன் வாசல். 1934இல் ஷிப்டனும் டில்மனும் மூன்று ஷெர்ப்பாக்களுடன் அவ்வழியே உள்ளே புகுந்தனர். 1936 ஆகஸ்ட் 29 அன்று டில்மனும் ஓடெலும் உச்சியை அடைந்தனர். 1950இல் அன்னபூர்ணாவில் ஏறும்வரை, மனிதர் தொட்ட மிக உயர்ந்த சிகரம் இதுவே.

பின்வந்த குழுக்கள் விறகுக்கு மரம் வெட்டின, குப்பையை விட்டுச்சென்றன. 1982இல் தேசியப் பூங்கா அமைந்தது. மறு ஆண்டே வாசல் அடைபட்டது. காடு மீண்டது. ஆனால் லாதா, ரேணி ஊர்களின் போட்டியா மக்கள் மேய்ச்சல் நிலத்தையும் சுமைகூலியையும் இழந்தனர். 1974இல் மரங்களை வெட்டவிடாது காத்து நின்றவர்கள் ரேணிப் பெண்களே.

மலையேற்ற வரலாறு உச்சியைத் தொட்டவர்களை எண்ணுகிறது. வாசலில் நிறுத்தப்பட்டவர்களையும் நாம் அதில் சேர்த்தே எண்ணவேண்டும்.