1 ரூபாய் டிக்கெட் முதல் 60% சந்தை வரை: ஏர் இந்தியாவை இண்டிகோ முந்தியது எப்படி?

'சூரரைப் போற்று' படத்தில் சூர்யா 1 ரூபாய்க்கு விமான டிக்கெட் விற்பாரே, ஞாபகம் இருக்கா? அந்தக் கதைக்குப் பின்னால் இருப்பவர் கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத். 2003-ல் 'ஏர் டெக்கான்' மூலம் இந்தியாவில் குறைந்த கட்டண விமான சேவையைத் தொடங்கியவர். ஆனால், இன்று ஏர் டெக்கான் இல்லை. அதை வாங்கிய கிங்ஃபிஷரும் இல்லை. இப்போது உள்நாட்டு விமானப் பயணிகளில் 100 பேரில் 60 பேருக்கு மேல் ஏறுவது ஒரே நிறுவனத்தின் விமானத்தில். அதுதான் இண்டிகோ.

ஒரு காலத்தில் வானத்தையே ஆண்ட ஏர் இந்தியாவை, 2006-ல் வந்த ஒரு நிறுவனம் எப்படி முந்தியது? இதனால் நம்ம டிக்கெட் விலைக்கு என்ன ஆகும்? விரிவாகப் பார்ப்போம்.

ஏர் இந்தியா எங்கே சறுக்கியது?

1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அதே சேவை பம்பாயிலிருந்து சென்னை வரைக்கும் நீண்டது. அந்த 'டாடா ஏர்லைன்ஸ்'தான் 1946-ல் 'ஏர் இந்தியா' ஆனது. 1953-ல் அரசுடைமையானது. வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் எனப் பிரித்து நடத்தியது அரசு.

2007-ல் இரண்டும் இணைக்கப்பட்டன. சிக்கல் பெரிதானது அங்கேதான். ஒருபக்கம் போயிங், மறுபக்கம் ஏர்பஸ் என விதவிதமான விமானங்கள். இரண்டு வகையான சம்பள முறை. அதற்கு முன்பே 111 புதிய விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்ததால் ஏறிய கடன் வேறு. இணைப்புக்குப் பிறகு அரசின் கையில் இருந்தவரை ஏர் இந்தியா ஒரு வருடம்கூட நிகர லாபம் பார்க்கவில்லை. விற்பனை நேரத்தில் ஒரு நாள் நஷ்டம் மட்டும் சுமார் 20 கோடி ரூபாய். மொத்தக் கடன் 61,562 கோடி ரூபாய்.

கடைசியில் 2021-ல் 18,000 கோடி ரூபாய்க்கு டாடா குழுமமே ஏலத்தில் எடுத்தது. 2022 ஜனவரி 27-ல் நிறுவனம் கைமாறியது.

இண்டிகோ செய்த வித்தை என்ன?

பெரிய ரகசியம் எதுவும் இல்லை. செலவைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால், அதைக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் செய்தார்கள்.

*1. ஒரே ரக விமானம்:* பல வருடங்கள் ஏர்பஸ் ஏ320 மட்டும்தான். ஒரே ரகம் என்றால் எந்த விமானியும் எந்த விமானத்தையும் ஓட்டலாம். உதிரிபாகங்களும் ஒரே வகைதான். பயிற்சிச் செலவும் குறைவு. சின்ன ஊர்களுக்கான ஏடிஆர் விமானங்கள் பிறகுதான் வந்தன.

*2. மொத்தக் கொள்முதல்:* சேவை தொடங்கும் முன்பே, 2005-ல் 100 விமானங்களுக்கு ஆர்டர். நூறு வாங்கினால் விலை குறையும்தானே? விமானம் கைக்கு வந்ததும் அதைக் குத்தகை நிறுவனத்திடம் விற்றுவிட்டு, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டுவார்கள். கையில் பணமும் இருக்கும். விமானம் பழசாகிப் பராமரிப்புச் செலவு ஏறும் முன்பே திருப்பியும் கொடுத்துவிடலாம்.

*3. தரையில் நிற்காதே:* விமானம் பறந்தால்தான் வருமானம். ஒரு எளிய கணக்கு: ஒவ்வொரு முறை இறங்கும்போதும் 30 நிமிடம் மிச்சம் பிடித்தால், ஒரு நாளில் 6 முறைக்கு 3 மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் சென்னை - மதுரை போய்வந்துவிடலாம்.

*4. சும்மா எதுவும் கிடையாது:* சாப்பாடு, விருப்பமான சீட், கூடுதல் லக்கேஜ் எல்லாத்துக்கும் தனிக் காசு. வேண்டியவர் மட்டும் கொடுத்தால் போதும்.

மற்றவர்கள் ஏன் வீழ்ந்தார்கள்?

இந்தியாவில் விமான எரிபொருள்தான் பெரிய செலவு. மொத்தச் செலவில் கிட்டத்தட்ட 40% வரை போகும். அது ஜிஎஸ்டிக்குள் இல்லை. மாநிலங்கள் தனியாக வாட் வரி போடுகின்றன. எரிபொருளும் குத்தகையும் டாலர் கணக்கு. டிக்கெட் மட்டும் ரூபாயில். டாலர் ஏறினால் அடி இங்கேதான்.

இந்த நெருக்கடியில் சொகுசும் வேண்டும், மலிவு விலையும் வேண்டும் என்று இரண்டு படகில் கால் வைத்தவர்கள் மூழ்கினார்கள். சொகுசுக்குப் பெயர்போன கிங்ஃபிஷர், ஏர் டெக்கானை வாங்கிப் பெயரையும் மாற்றியது. 2012-ல் முடங்கியது. ஏர் சஹாராவை வாங்கிய ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. இன்ஜின் கோளாறுகளைக் காரணம் சொன்ன கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் தரையிறங்கியது.

டாடா என்ன செய்கிறது?

டாடா இப்போது இரண்டு கையாலும் ஆடுகிறது. சொகுசுக்கு ஏர் இந்தியா, மலிவுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். 2024-ல் விஸ்தாராவை முதலாவதோடும், முன்னாள் ஏர்ஏசியா இந்தியாவை இரண்டாவதோடும் இணைத்துவிட்டார்கள். 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. நான்கே மாதத்தில் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துப் பதில் சொன்னது.

இண்டிகோவும் பழைய இண்டிகோ இல்லை. டெல்லி - மும்பை வழித்தடத்தில் பிசினஸ் கிளாஸ் கொண்டுவந்துவிட்டது. நீண்டதூரப் பயணத்துக்கு ஏ350 விமானங்களும் ஆர்டரில் இருக்கின்றன. மலிவு நிறுவனம் சொகுசுப் பக்கம் நகர்கிறது, சொகுசு நிறுவனம் மலிவுப் பக்கம் வருகிறது.

பயணிகளுக்கு இதனால் என்ன?

இரண்டு குழுமங்களும் சேர்ந்தால் உள்நாட்டுச் சந்தையில் சுமார் 90%. ஸ்பைஸ்ஜெட், ஆகாசா போன்றவர்களுக்கு மிச்சம்தான்.

இதன் ஆபத்து என்ன என்பதை 2025 டிசம்பர் காட்டியது. விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்ந்தது. இரவில் தரையிறங்கும் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு வந்தது. விதி வருவது முன்பே தெரியும். ஆனாலும் இண்டிகோவிடம் அதற்கேற்ற திட்டமிடல் இல்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் 1,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. கல்யாணத்துக்குப் போகிறவர், இன்டர்வியூவுக்குப் போகிறவர் என எல்லாரும் விமான நிலையத்திலேயே படுத்துக்கிடந்தார்கள்.

மாற்று விமானம் தேடினால் கட்டணம் தலைசுற்ற வைத்தது. அரசு தலையிட்டு 500 கி.மீ. வரை 7,500 ரூபாய், 1,500 கி.மீ.க்கு மேல் 18,000 ரூபாய் என உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று. இண்டிகோவுக்கு இரவுப்பணி விதிகளிலிருந்து தற்காலிக விலக்கும் தர வேண்டியிருந்தது. ஒரு நிறுவனம் நின்றால் நாடே நிற்கும் என்ற நிலையில், விதியைக் கறாராக அமல்படுத்த அரசுக்கே கை கட்டிப்போகிறது.

ஆக, மலிவு டிக்கெட் யாரும் நமக்குத் தரும் தானம் இல்லை. ஒரே வழித்தடத்தில் நாலு பேர் போட்டி போடும்போது கிடைப்பது. அடுத்த முறை டிக்கெட் தேடும்போது கவனியுங்கள்: உங்கள் ஊரிலிருந்து எத்தனை நிறுவனங்கள் பறக்கின்றன? ஒன்றே ஒன்று என்றால், விலையைச் சொல்வது அவர்கள், கொடுப்பது நீங்கள்.