கசிவுக்குப் பெயர் வைத்தவர்கள்

மருத்துவ வரலாறு என்று நமக்குக் கிடைப்பதெல்லாம் வெற்றிக் கதைகள்தான். ஒரு மேதை வருகிறார், கத்தியை எடுக்கிறார், உயிர் பிழைக்கிறது, பக்கம் புரள்கிறது. பிழைத்தவர் அடுத்த பத்து வருஷம் என்ன ஆனார் என்று அந்தக் கதையாடல் கேட்பதில்லை. வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தின் சிகிச்சை வரலாற்றை இந்தக் கேட்கப்படாத கேள்வியிலிருந்து படித்துப் பார்க்கலாம். சரிசெய்த பிறகும் உள்ளே கசிகிற ரத்தம்தான் இங்கே பொருள். கசிவு என்பது குடிகாட்டுக்காரனான எனக்கு மருத்துவத்துக்கு வெளியே முதலில் பழகிய சொல். அதனால்தான் இந்த வரலாறு வேறுமாதிரி வாசிக்கக் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

1

வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனி சுமார் 2 செ.மீ. அகலம். சுவர் நைந்து 3 செ.மீ.யைத் தொட்டால் அனியூரிசம் என்கிறார்கள். பெரும்பாலும் வலி கிடையாது. சத்தமில்லாமல் வளர்ந்து ஒருநாள் வெடிக்கும். வெடித்தால் பிழைப்பவர் குறைவு. ஆண்களுக்கு 5.5 செ.மீ. எட்டினால் சரிசெய்வது நடைமுறை. புகைப்பழக்கம், வயது, ரத்த அழுத்தம், குடும்பவழி ஆகியவை அறியப்பட்ட காரணங்கள். சிப்காட் காற்றை இந்தப் பட்டியலில் சேர்க்க என்னிடம் ஆதாரம் இல்லை, சேர்க்கவும் மாட்டேன்.

1948இல் ஐன்ஸ்டைனின் வீங்கிய தமனியை ருடால்ஃப் நிஸ்ஸன் செலோஃபேன் தாளால் சுற்றிக் கட்டினார். 1955இல் அது கசிந்தபோது மறு அறுவை வேண்டாமென்று ஐன்ஸ்டைன் மறுத்தார், இறந்தார். இடையே 1951இல் பாரிஸில் சார்ல் துபோ, வீங்கிய பகுதியை அகற்றி இறந்த ஒருவரின் தமனியைப் பொருத்தினார். பிறகு துணி வந்தது. ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி கடையில் டேக்ரான் வாங்கிவந்து மனைவியின் தையல் மெஷினில் குழாய் தைத்த கதை பிரசித்தம். இந்தத் திறந்த அறுவையில் வயிறு நீளமாகக் கிழிபடும், ஆனால் வீங்கிய பையைத் திறந்து, அதற்குள் வாய்திறக்கும் சின்னக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தைத்து அடைப்பார்கள். அதாவது காயம் பெரிது, கணக்கு அங்கேயே முடிகிறது.

2

காயத்தைச் சின்னதாக்கும் யோசனை மையத்திலிருந்து வரவில்லை என்பது கவனத்துக்குரியது. 1987இல் சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிகோலாய் வோலோதோஸ், மார்புப் பெருந்தமனிக்குள் துணிக்குழாய் போர்த்திய ஸ்டென்ட்டை உள்வழியாகவே செலுத்தினார். ரஷ்ய மொழியில் எழுதினார். மேற்குலகம் பல வருஷம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. 1990 செப்டம்பரில் புயனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி, வயிற்றுப் பெருந்தமனியில் இதைச் செய்தார். 1991இல் அது ஆங்கிலத்தில் வந்தது, வரலாறு அங்கிருந்து தொடங்கியதாக ஆயிற்று. எந்த மொழியில் எழுதினால் கண்டுபிடிப்பு, எந்த மொழியில் எழுதினால் தகவல் என்பது இலக்கியத்துக்கு மட்டுமான பிரச்சினை இல்லை.

முறை எளிது. தொடை இடுக்கில் சின்னத் துளை, அதன் வழியே மடித்த துணிக்குழாய், உள்ளே போய் உலோகச் சட்டகத்தோடு விரிகிறது. ரத்தம் புதுக்குழாய் வழியே ஓடுகிறது. ஆனால் பழைய பை அப்படியே இருக்கிறது. அதன் சின்ன வாய்களை யாரும் தைக்கவில்லை. பெரிய அறுவையைத் தாங்காத முதியவர்களுக்கென்று வந்த ஏற்பாடு, பத்துப் பதினைந்து வருஷத்தில் பல நாடுகளில் பொதுவழியாகிவிட்டது.

3

பை மறுபடி நிரம்புவதைப் பார்த்தவர்கள் முதலில் ஆளுக்கொரு சொல் சொன்னார்கள். 1996இல் சிட்னியின் ஜெஃப்ரி வைட் குழுவினர் 'எண்டோலீக்' என்று பெயரிட்டார்கள், பின்பு வகை பிரித்தார்கள். குழாயின் நுனிகள் சுவரோடு ஒட்டாமல் கசிவது முதல் வகை. சின்ன வாய்கள் வழியே ரத்தம் பின்னோக்கி வருவது இரண்டாவது. குழாயே கிழிவது, அல்லது மூட்டு விடுவது மூன்றாவது. துணியின் இழை வழியே ஊறுவது நான்காவது. ஐந்தாவதுதான் விசித்திரம்: எந்தப் படத்திலும் கசிவு தெரியாது, பை மட்டும் வளரும். கருவியின் பார்வைக்கு வெளியே ஒன்று இருக்கிறது என்று வகைப்பாடே ஒத்துக்கொண்ட இடம் அது.

வைத்தியமும் உள்வழியேதான். முதல், மூன்றாம் வகைகளைக் காத்திருக்கவிடக் கூடாது. பலூனால் அழுத்துவார்கள், மேலே இன்னொரு குழாயைச் சொருகுவார்கள். இரண்டாம் வகை பலருக்குத் தானே அடைபடும். பை வளர்ந்தால் மட்டும் கை வைப்பார்கள். குடலுக்குப் போகும் தமனி வழியே நூல்போன்ற கதீட்டரைச் சுற்றுவழியில் கொண்டுபோவார்கள், இல்லையென்றால் முதுகுப்பக்கம் ஊசியை நேரே பைக்குள் இறக்குவார்கள். பிளாட்டினச் சுருளும் பசையும் போட்டு அடைப்பார்கள். இந்தப் பசை, 1942இல் துப்பாக்கிக் குறிக்கண்ணாடி ஆராய்ச்சியில் கோடாக் கம்பெனியின் கையில் தற்செயலாக ஒட்டிக்கொண்ட சேர்மத்தின் வம்சம். ஒரு வாயை அடைத்தால் சிலருக்கு இன்னொன்று திறக்கும். மறுபடி ஊசி.

என் பெரியப்பாவுக்குச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் இந்தக் குழாய் வைத்தார்கள். நாலாம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்தார். வருஷாவருஷம் ஸ்கேன் பார்க்கணும் என்று அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் ஒருவரி இருந்தது. மூன்று வருஷம் கழித்து வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் பை பெருத்திருந்தது. இரண்டாம் வகை. "லீக்குங்கறான்டா. வயித்துக்குள்ளயும் ஒரு கம்பெனிய கொண்டாந்து வச்சிட்டானுவளா?" என்றார். முதுகுவழி ஊசி போட்டு அடைத்தார்கள். பை நின்றிருக்கிறது. இப்போது அளவை ஒரு சின்ன நோட்டில் அவரே குறித்துவைக்கிறார்.

4

அந்த நோட்டு சாதாரண விஷயமில்லை. 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'ஆங்க்யூர்' என்ற ஸ்டென்ட் கிராஃப்டைக் கைடன்ட் நிறுவனத்தின் துணைக் கம்பெனி விற்றது. பொருத்தும்போது கருவி சிக்கிக்கொள்வதும் உடைவதுமாக ஆயிரக்கணக்கான சம்பவங்களைக் கம்பெனி மறைத்தது. வெளியே கொண்டுவந்தது, பணியாளர்கள் பெயர் போடாமல் அரசுக்கு எழுதிய கடிதம். 2003இல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 9 கோடி டாலருக்கு மேல் கட்டியது. ரத்தக் கசிவுக்கு ஐந்து வகை வைத்த விஞ்ஞானம், தகவல் கசியாமலிருப்பதற்கு ஒரு வகையும் வைக்கவில்லை.

பிரிட்டனின் 'ஈவார் 1' ஆய்வு இன்னொரு பாடம். 2004இல் வந்த முதல் முடிவு: 30 நாளில் இறப்பு உள்வழியில் 1.7 சதம், திறந்த அறுவையில் 4.7 சதம். கொண்டாடினார்கள். அதே நோயாளிகளைப் பதினைந்து வருஷம் தொடர்ந்து பார்த்த முடிவு 2016இல் வந்தது. எட்டு வருஷத்துக்குப் பின் உள்வழிக் குழுவில்தான் இறப்பு அதிகம், பையின் பின்வெடிப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். இரண்டு முடிவும் உண்மை. முதலாவதோடு நிறுத்தியிருந்தால் இரண்டாவது உண்மையே இருந்திருக்காது. 'குறைந்த ஊடுருவல்' என்பது உடம்பின் மேல்தோல் அளவில் மட்டுமே குறைவு. காயம் காலத்துக்குள் இடம்பெயர்கிறது. ஒருநாள் கத்திக்குப் பதில் ஆயுசு முழுக்கக் கண்காணிப்பு.

5

கண்காணிப்பு என்றதும் நமக்கு ஃபூக்கோ ஞாபகம் வருவார். 1963இல் எழுதிய 'மருத்துவமனையின் பிறப்பு' நூலில் மருத்துவப் பார்வையை ஒரு அதிகாரமாக அவர் வாசித்தார். சரிதான். ஆனால் விளிம்பில் இருப்பவனின் பிரச்சினை பார்க்கப்படுவது மட்டுமில்லை, பார்க்கப்படாமல் கைவிடப்படுவதும்தான். குடிகாட்டில் அது தெரியும். 2004இல் சிப்காட் பகுதி மக்கள் தாங்களே கண்காணிப்பாளர்களாகி, வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பே அழுகின முட்டை, அழுகின பழம், நகப்பூச்சு என்று வாடையால் கசிவை வகை பிரித்து வைத்திருந்தார்கள். வைட் செய்ததும் இதுதான். அவருடையது வகைப்பாடு எனப்பட்டது, இவர்களுடையது புகார் எனப்பட்டது. 2025 மே மாதம் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து ஊருக்குள் பாய்ந்தது. எந்தப் பையும் ஒரே நாளில் வெடிப்பதில்லை.

எனவே கோரிக்கை எளிமையானது. காப்பீட்டுத் திட்டங்கள் 'செய்முறை'யை அலகாக வைத்துக் கணக்குப் பார்க்கின்றன. குழாய் வைப்பது ஒரு செய்முறை, காத்திருந்து பார்ப்பது அப்படியில்லை. ஆனால் இந்தச் சிகிச்சையில் பார்ப்பதுதான் பாதிச் சிகிச்சை. அதற்கு எப்போதும் சி.டி. வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு வருஷம் ஒருமுறை டாப்ளர் ஸ்கேன் போதும். கதிர்வீச்சு இல்லை, சிறுநீரகத்தைச் சோதிக்கும் மருந்தும் இல்லை. குடிகாட்டிலிருந்து கடலூரைத் தாண்டி, புதுச்சேரியைத் தாண்டி, கோரிமேட்டு ஜிப்மர் வரை ஒரு கிழவர் போய்வர ஒருநாள் கூலியும் துணைக்கு ஒரு ஆளும் வேண்டும். சிதம்பரத்தின் மருத்துவக் கல்லூரியை 2021இல் சுகாதாரத் துறை எடுத்துக்கொண்டதற்குப் பின்னால் மாணவர்களின் போராட்டம் இருந்தது. கட்டணத்துக்காகப் போராட முடிந்த இடத்தில், தொடர்பரிசோதனைக்காகவும் போராட முடியும். குழாய் வைத்த ஒவ்வொருவருக்கும் மாவட்ட அளவில் இலவச டாப்ளர், பையின் அளவு தமிழில் எழுதிய ஒரு அட்டை, பழுதான கருவிகளின் விவரம் பொதுவெளியில். இந்த மூன்றையும் மருத்துவர்கள் மட்டும் கேட்டு வாங்கித்தர மாட்டார்கள். கசிவோடு வாழ்கிறவர்கள்தான் கேட்க வேண்டும்.