பாவலர் பிரதர்ஸ்: மேடையில் யார் யார் இருந்தார்கள்?

இளையராஜாவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒரு வரி எழுதுவார்கள்: சிறு வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனோடு கட்சி மேடைகளில் பாடினார் என்று. அடுத்த வரியில் 1976 வந்துவிடும், ‘அன்னக்கிளி’ வந்துவிடும். அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஓர் இசைக்குழு முழுசாக வாழ்ந்து முடிந்திருக்கிறது. நாம் பேச வந்தது அந்தக் குழுவைப் பற்றித்தான்.

ராக் குழுக்களுக்கு வரலாறு எழுதுகிறவர்களைப் பாருங்கள். மாஸ்கோவில் 1969-இல் ‘மஷினா வ்ரேமினி’ என்றொரு குழு தொடங்கியது. பெயருக்குக் கால யந்திரம் என்று பொருள். அதில் யார் எப்போது சேர்ந்தார், யார் கோபித்துக்கொண்டு வெளியேறினார், சோவியத் அரசின் கச்சேரி நிறுவனத்துக்குள் குழு போனபோது யார் கூடவே போனார் என்பதையெல்லாம் ரசிகர்கள் இன்றும் விரல்விட்டுச் சொல்வார்கள். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒரு மேதையை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களைத் திண்ணையில் நிறுத்திவிடுகிறோம். ஆனால் பாவலர் பிரதர்ஸில் யார் சேர்ந்தார், யார் விலகினார் என்று வரிசையாகப் பார்த்தால் நம் பள்ளத்தாக்கின் அரசியலே தெரிகிறது.

பெரியகுளத்திலிருந்து தேனி, போடி, தேவாரம் என்று போனால் மலையடிவாரத்தில் பண்ணைப்புரம். ராமசாமியின் பிள்ளைகளில் மூத்தவர் வரதராஜன். தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங். ராசய்யாதான் பிறகு இளையராஜா, அமர்சிங் கங்கை அமரன். தலித் குடும்பம். இதை எழுதும்போதே சிலர் முகம் சுளிப்பார்கள். தன்னைச் சாதியால் அடையாளப்படுத்துவதை இளையராஜாவே விரும்பியதில்லை. அது அவருடைய உரிமை, அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் 1950களில் அந்த ஆர்மோனியம் எந்தத் தெருவிலிருந்து கிளம்பியது என்பதை மறைத்துவிட்டு அதன் வரலாற்றைச் சொல்ல முடியாது.

ஆர்மோனியம் என்பதையும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஊரில் சாவு விழுந்தால் பறையோடு வா என்று நம்மவர்களுக்கு ஆள் விடுவார்கள். இசை நம்மிடம் இருந்தது, ஆனால் அது ஏவல் வேலையாக இருந்தது. கம்யூனிஸ்ட் மேடையில் நடந்தது வேறு. பாடுகிறவர் மேலே உட்கார்ந்திருந்தார், ஊர் கீழே உட்கார்ந்து கேட்டது. அந்த இடத்தை அன்றைக்குக் கொடுத்தது சிவப்புக் கொடிதான். இதை ஒப்புக்கொள்வதில் அம்பேத்கரியர்களுக்குத் தயக்கம் வேண்டியதில்லை. அந்த மேடை கூலியைப் பற்றிப் பேசிய அளவுக்கு, ஊர் வேறு சேரி வேறு என்று இருப்பதைப் பற்றிப் பேசவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

குழுவின் பெரிய நாட்கள் தேவிகுளத்தில் வந்தன. கேரளாவில் 1957-இல் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. மொத்தம் 126 இடங்கள். கட்சிக்குக் கிடைத்தவை 60, ஆதரவு சுயேச்சைகள் 5 பேர். ஒவ்வொரு இடமும் உயிர் மாதிரி. இந்த நிலையில் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தேர்தல் தீர்ப்பாயம் அறிவித்தது. 1958-இல் இடைத்தேர்தல். காங்கிரஸ் தன் பெரிய தலைவர்களை எல்லாம் மலையேற்றியது.

அந்தத் தொகுதியில் வாக்காளர்கள் யார்? தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். கங்காணிகள் சமவெளியிலிருந்து கூட்டிப்போன குடும்பங்கள். 1956-இல் மாநில எல்லை போட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்குப் போயின, இவர்கள் அங்கேயே இருந்தார்கள். கொழுந்து கிள்ளிக் களைத்து வரும் பெண்ணிடம் மலையாளத்தில் எவ்வளவு பேசினாலும் பாதிதான் போய்ச் சேரும். பாவலரின் பாட்டு முழுசாகச் சேர்ந்தது. அவர் கையாண்ட வழி எளியது. எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு சொல்லை மாற்றிவிடுவார். மெட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால் கேட்பவர் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், மறுநாள் தோட்டத்தில் அவரே பாடிவிடுவார். காங்கிரஸின் சின்னம் அப்போது இரட்டைக் காளை. அந்தக் காளைகளைக் கேலி செய்த பாவலரின் பாட்டு லயம் லயமாகப் பரவியது. ரோசம்மா மீண்டும் ஜெயித்தார். அந்த வெற்றி பாவலருடையது என்று இ.எம்.எஸ். பாராட்டியதாகத் தோழர்கள் மத்தியில் இன்றும் சொல்லப்படுகிறது. கேரளாவில் கே.பி.ஏ.சி. நாடகங்கள் கட்சியை வளர்த்த கதையைப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். மலைமேல் தமிழில் நடந்தது இரண்டு பத்தியைத் தாண்டுவதில்லை.

இனி குழுவின் ஆட்களுக்கு வருவோம். ராசய்யா 14 வயதில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த முதல் வேலை பெண் குரலில் பாடுவது. மேடையில் ஆணும் பெண்ணும் எதிர்ப்பாட்டு பாட வேண்டும், ஆனால் குழுவில் பெண் இல்லை. கொஞ்ச காலத்தில் ராசய்யாவுக்குக் குரல் உடைந்தது, பெண் குரல் அமர்சிங்குக்குப் போனது. ராசய்யா வாத்தியத்துக்கு நகர்ந்தார். நாம் இன்று கேட்கும் இசையமைப்பாளர் அந்த நகர்விலிருந்துதான் தொடங்குகிறார் என்று எங்களுக்குத் தோன்றும். பாடுகிற பையனாகவே இருந்திருந்தால், வாத்தியங்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்கும் வாய்ப்பு அவ்வளவு கிடைத்திருக்காது.

அதைவிட எங்களை உறுத்துவது வேறு. பெண் குரல் தேவைப்பட்டபோது ஒரு பையன் போய் இன்னொரு பையன் வந்தான், பெண் வரவில்லை. நாற்றுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் யாரிடம் இருந்தன? நம் தெருப் பெண்களிடம். அவர்களின் தாய் சின்னத்தாயம்மாள் பாடிய பாட்டுகளே பிள்ளைகளின் முதல் பாடம் என்று சொல்கிறார்கள். பாட்டு மேடை ஏறியது, பாடியவர்கள் ஏறவில்லை. 1950களில் ஒரு தலித் பெண் இரவில் வேனில் ஊர் ஊராகப் போய்ப் பாட முடிந்திருக்குமா என்று கேட்கலாம். முடிந்திருக்காது. அதற்கான காரணமும் குழுவின் வரலாற்றில் ஒரு பகுதிதான்.

1960களில் மேடையே மாறியது. 1964-இல் கட்சி இரண்டாக உடைந்தது. 1967-இல் திமுக ஆட்சிக்கு வந்தது. கூட்டம் சேர்க்கச் சினிமா நடிகர்கள் இருந்தார்கள், ஆர்மோனியப் பெட்டியின் தேவை குறைந்தது. பாட்டால் வயிறு கழுவுவது கட்சி மேடையில் எப்போதுமே கஷ்டம். 1968-இல் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். வீட்டிலிருந்த ரேடியோவை விற்று அம்மா 400 ரூபாய் கொடுத்தார். அல்லிநகரத்து நண்பர் பாரதிராஜாவும் அதே கனவில் இருந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட நம் மக்களில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டு என்று சொல்லவில்லை. ஒரு குழு கட்சி மேடையிலிருந்து கலைந்த ஆண்டில் அந்த மேடைக்கு எவ்வளவு வேலை பாக்கியிருந்தது என்று பார்க்கத்தான் எழுதுகிறோம். சென்னைக்குப் போனவர்களைக் குறை சொல்லவும் நமக்கு வாய் வராது. பசித்தவனைப் பார்த்து ஏன் கிளம்பினாய் என்று யார் கேட்பது?

வரதராஜன் 1970களின் தொடக்கத்தில் இறந்துபோனார். ‘அன்னக்கிளி’யை அவர் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ‘16 வயதினிலே’ படத்தில் அமரன் பாடலாசிரியர் ஆனதையும் பார்க்கவில்லை. பட்டப்பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது. பாஸ்கர் பாவலர் கிரியேஷன்ஸ் என்ற பெயரில் படம் தயாரித்தார். 1981-இல் பாரதிராஜா இயக்கிய ‘அலைகள் ஓய்வதில்லை’ அதன் படம். பையன் பூணூலையும் பெண் சிலுவையையும் கழற்றிப்போடும் அந்த முடிவில் பழைய மேடையின் வாசம் கொஞ்சம் இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்குக் கங்கை அமரன் பாஜக வேட்பாளர். 2022-இல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிடும் புத்தகத்துக்கு இளையராஜா முன்னுரை எழுதினார், சில மாதங்களில் மாநிலங்களவை நியமன உறுப்பினர் ஆனார். அந்த ஒப்பீட்டை நாம் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆனால் அன்று அவரைத் திட்டியவர்களில் சிலர் அரசியலை விட்டுவிட்டுப் பிறப்பைத் தொட்டார்கள். உலகமே கொண்டாடும் இசைக்காரரையும் ஒரு நிமிடத்தில் பறையைக் காட்டி இறக்கப் பார்க்கும் வாய் அது. முன்னுரையை எதிர்த்த அதே நாளில் அதையும் நாம் எதிர்க்க வேண்டியிருந்தது.

பாவலர் யாருக்காகப் பாடினாரோ அவர்களின் கதையும் நிற்கவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் போனஸுக்காகவும் கூலிக்காகவும் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை, இடதுசாரிச் சங்கங்களையும் சேர்த்துத்தான். அங்கே கோஷத்தைப் பெண்களே எழுப்பினார்கள்.

தேவாரம், கோம்பை, போடிப் பக்கத்துத் தோழர்களே, உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் பாவலர் கச்சேரியைக் கேட்டிருப்பார்கள். ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலை ஜீப் ஏறிய பாட்டிகளையும் விடாதீர்கள். போனைப் பதிவில் வைத்துவிட்டுக் கேளுங்கள். என்ன பாட்டு என்று மட்டும் கேட்காதீர்கள். கச்சேரி நடந்தது எந்தத் தெருவில், கீழே யார் எங்கே உட்கார்ந்தார்கள், குழுவுக்கு அன்றிரவு சோறு போட்டது எந்த வீடு, என்ன பாத்திரத்தில் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பாட்டி பாடிக் காட்டினால் நடுவில் நிறுத்தாதீர்கள்.