குளிர்பதனக் கம்மியர் பயிற்சியும் சான்றிதழும்

வீட்டு ஏசி, ஃப்ரிட்ஜ், கடைகளில் உள்ள குளிர் அலமாரி, குளிர்பதனக் கிடங்கு போன்றவற்றைப் பொருத்தி, பழுதுபார்த்து, பராமரிப்பவர் குளிர்பதனக் கம்மியர். இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு முறையான பயிற்சியும் அரசுச் சான்றிதழும் உண்டு. ஆனால் சான்றிதழ் பெறாதவர் குளிர்பதன வாயுவைத் தொடக்கூடாது என்ற கட்டாயம் நாடு முழுவதற்கும் இல்லை. இத்தொழிலின் குறைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பயிற்சிக்கான முதன்மை வழி, தொழிற்பயிற்சி நிலையம் எனப்படும் ஐ.டி.ஐ. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இவை இயங்குகின்றன. அறிவியலும் கணிதமும் படித்துப் பத்தாம் வகுப்பு தேறியவர்கள் குளிர்பதனப் பிரிவில் சேரலாம். படிப்பு இரண்டு ஆண்டு. மின்சுற்று, கம்ப்ரசர், செம்புக்குழாய் வேலை, பிரேசிங் என்னும் பற்றவைப்பு, ஏசி பொருத்துதல், பழுது கண்டறிதல் எனப் பாடங்கள் செல்லும். அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அதன் பிறகு, 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையுடன் பழகித் தேர்வெழுதினால் இன்னொரு சான்றிதழும் உண்டு.

ஆனால் நம் தெருக்களில் ஏசி பார்க்கும் பலர் இந்த வழியாக வந்தவர்கள் அல்லர். ஒரு மெக்கானிக்கிடம் உதவியாளாகச் சேர்ந்து, பை தூக்கி, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, சில ஆண்டுகளில் தனியாக வேலை பிடித்தவர்கள். இந்தக் கல்வியைக் குறைவாக எண்ணுவது தவறு. கம்ப்ரசரின் ஓசையைக் கேட்டே கோளாறைச் சொல்லும் திறமை எந்த வகுப்பறையிலும் இரண்டு ஆண்டில் வந்துவிடாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: குருவிடம் இருந்த தவறான பழக்கமும் அப்படியே சீடனுக்கு வந்துவிடும். பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 வாயுவின் காலத்தில் பெரிய கேடு தராமல் ஓடிய சில குறுக்குவழிகள், இன்றைய வாயுக்களில் ஆபத்தானவை.

குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றும் முறையையே எடுத்துக்கொள்ளலாம். புதிதாகப் பொருத்திய ஸ்பிளிட் ஏசியின் குழாயை வேக்குவம் பம்பால் உறிஞ்சி, ஏறத்தாழ 500 மைக்ரான் அழுத்தத்துக்குக் கொண்டுவந்து, அது அங்கே நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் அவசரத்தில் பம்பை எடுப்பதில்லை. வாயுவையே கொஞ்சம் திறந்துவிட்டு, அதன் வேகத்தில் காற்றைத் தள்ளிவிடுகிறார்கள். ஈரம் உள்ளே தங்கிவிடுகிறது. இன்றைய ஆர்-410ஏ, ஆர்-32 வாயுக்களில் ஓடும் கருவிகளின் எண்ணெய் ஈரத்தை எளிதில் இழுக்கும். அது அமிலமாகி, நாளடைவில் கம்ப்ரசரின் உள்சுருளை அரிக்கும். பொருத்திய அன்று ஏசி நன்றாகவே குளிரும். ஒன்றிரண்டு கோடை கழித்துக் கம்ப்ரசர் போகும்போது, காரணம் அந்த முதல் நாள் வேலை என்று எவருக்கும் தோன்றாது.

பிரேசிங்கும் அப்படித்தான். குழாயைச் சூடாக்கும்போது உள்ளே நைட்ரஜன் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்சுவரில் கருஞ்செதில் படிந்து, உதிர்ந்து, கேப்பிலரி எனும் நுண்குழாயை அடைக்கும். கசிவுச் சோதனைக்கும் உலர்ந்த நைட்ரஜனே வேண்டும். கையருகே இருக்கிறதென்று ஆக்சிஜனை ஏற்றினால், கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடித்து உயிரைப் பறிக்கும். ஆர்-410ஏயின் அழுத்தம் ஆர்-22ஐப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு, பழைய கேஜும் பழைய ஹோஸும் அதைத் தாங்கா. ஆர்-32 குறைந்த அளவில் தீப்பற்றும் வகை. புரொப்பேன் ஆன ஆர்-290 சமையல் எரிவாயுவைப் போலவே தீப்பற்றக்கூடியது. 2012 முதல் இந்தியாவில் அந்த வாயு கொண்ட வீட்டு ஏசிகள் விற்பனையில் உள்ளன.

பயிற்சிக்கு அரசு பணம் செலவிடத் தொடங்கியதற்கு ஓசோன் படலத்தின் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம். 1987இன் மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 1992இல் சேர்ந்தது. அப்படலத்தைச் சிதைக்கும் சி.எஃப்.சி. வாயுக்களை 2010க்குள் கைவிடும் திட்டத்திலும், பின்னர் ஆர்-22 போன்ற எச்.சி.எஃப்.சி.களைக் குறைக்கும் திட்டத்திலும் பழுதுபார்ப்பவர்களுக்கான வகுப்புகள் நடந்தன. இவை புவியையும் சூடாக்கும்: ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், புவியைச் சூடாக்குவதில் அது சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மொட்டைமாடியில் நின்று வால்வைத் திறந்துவிடும் கை ஒவ்வொன்றும் இந்தக் கணக்கில் சேரும். 2019இல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், 2022-23க்குள் ஒரு லட்சம் பணியாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளிப்பதை இலக்காக வைத்தது.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 1990இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டத்தின் 608ஆம் பிரிவின்படி, 1994 நவம்பர் 14 முதல் சான்றிதழ் இல்லாதவர் குளிர்பதனச் சுற்றைத் திறப்பதே குற்றம். சிறு கருவிகள், உயர் அழுத்தக் கருவிகள், தாழ் அழுத்தக் கருவிகள் எனத் தனித்தனித் தேர்வுகள். எல்லாம் தேறியவருக்குப் பொதுச் சான்றிதழ். அந்தத் தேர்வு கைத்திறனை அளப்பதில்லை, கேள்வித்தாள் மட்டுமே. ஆனாலும் அதற்கு ஒரு பிடி உண்டு: அட்டை இல்லாதவருக்குக் கடையில் வாயு சிலிண்டர் விற்கமாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, புரொப்பேன் போன்ற இயற்கை வாயுக்களைக் கையாளுவோரையும் சான்றிதழ் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளது.

இந்தியாவில் அனுபவசாலிகளுக்குப் பொருத்தமான வழி, முன்கற்றலை அங்கீகரிக்கும் திட்டம். பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் ஒரு பகுதியான இதில், ஏற்கெனவே வேலை தெரிந்தவருக்குக் குறுகிய வகுப்பும் மதிப்பீடும் நடத்திச் சான்றிதழ் தருகிறார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவருக்கும் இது திறந்த கதவு. ஆனால் நாள்கூலியை இழந்து வருபவருக்கு அந்தக் காகிதத்தால் கூலி கூடுவதில்லை என்றால் அவர் ஏன் வர வேண்டும்? சித்திரை வைகாசியில் வகுப்பு வைத்தால் யாரும் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைப்பது ஐப்பசி மழைக்குப் பிறகுதான். பயிற்சியோடு ஒரு வேக்குவம் பம்பும் வாயுவை அளக்கும் எடைத்தராசும் மலிவாகக் கிடைக்க வழிசெய்து, சிலிண்டர் விற்பனையையும் சான்றிதழோடு இணைத்தால், இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. படித்தவரும் பத்து ஆண்டு பை தூக்கியவரும் ஒரே அளவுகோலின்கீழ் வருவார்கள்.