முள்ளும் முத்திரையும்

அல்பெர்கேரியாவில் பல்லறோச் சந்தை கலைகின்ற நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மீன் தலை, செதில், ஆட்டுத் தாடை, மட்டிக் கோது எல்லாம் தெருவில் ஒன்றாகக் கிடக்கும். சிசிலியர், கானா நாட்டவர், வங்காளதேசத்தவர், நாங்கள் என்று எல்லோருடைய அடுப்பும் அந்தக் குவியலுக்குள் இருக்கின்றது. ஐயாயிரம் வருடங்களுக்குப் பிறகு ஒருவர் வந்து இதைத் தோண்டினால், இங்கே என்ன தின்றார்கள் என்பதைச் சரியாகச் சொல்லிவிடுவார். என்ன மொழி பேசினார்கள் என்பதை அவரால் சொல்ல முடியாது.

சந்தையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், கோர்சோ துக்கோரியில், பல்கலைக்கழகத்தின் ஜெம்மெல்லாறோ அருங்காட்சியகம் இருக்கின்றது. அங்கே 'தேயா' என்று பெயரிடப்பட்ட பெண்ணின் எலும்புக்கூடு உண்டு. பதினாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. நானும் முதல் தடவை நேராக அவளிடமே போனேன். மிருக எலும்புகளுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. 1830 அளவில் பலேர்மோவின் ஓரத்திலுள்ள சான் சீரோ குகையில் நீர்யானை எலும்புகள் குவியலாக அகப்பட்டபோது, அவற்றைக் கப்பலேற்றி மார்செய்க்கு அனுப்பினார்கள். சீனி வெளுக்க எலும்புக்கரி தேவைப்பட்டது. மனிதர் இத்தீவுக்கு வருமுன் வாழ்ந்த விலங்குகள், யாரோ ஒருவருடைய தேநீரில் கரைந்து போயின.

எனக்கு முக்கியமாகப் படுவது உட்சோ குகைதான். பலேர்மோவுக்கு மேற்கே, சிங்காறோ வனக் காப்பகத்தினுள், கடலைப் பார்த்தபடி இருக்கின்றது. எழுபதுகளின் நடுவிலிருந்து அங்கே அகழ்ந்தார்கள். விலங்கெலும்புகளை ஆராய்ந்த அந்தோனியோ தாலியாகொட்சோ 1993இல் முடிவுகளை வெளியிட்டார். அடிப்படைகளில் செம்மானும் காட்டுப்பன்றியும் அதிகம். மேலே வர வர மீன்முள் கூடுகின்றது, குறிப்பாகக் கலவாய். கரையொதுங்கிய திமிங்கிலங்களைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. பிறகு, கி.மு. 6000 அளவில், செம்மறியும் வெள்ளாடும் மாடும் வருகின்றன. சிசிலியில் ஆட்டுக்குக் காட்டு மூதாதை கிடையாது. ஆகவே ஆடு வள்ளத்தில்தான் வந்திருக்க வேண்டும். எங்கள் அரசியல் அகராதிப்படி சொன்னால், வந்தேறி.

அப்படியென்றால் மனிதர்? எலும்பை மட்டும் பார்த்தால் பழைய வேடர்களே ஆடு வளர்க்கத் தொடங்கினார்கள் என்றும் வாதிக்கலாம். ஏனெனில் ஆடு வந்த பின்னரும் மான் வேட்டை நிற்கவில்லை, மீன்பிடியும் நிற்கவில்லை. 2022இல் வெளியான மரபணு ஆய்வோ, அங்கிருந்த முதல் விவசாயிகள் பெரும்பாலும் கிழக்கிலிருந்து வந்தவர்களின் வழியினர் என்றது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் சுவாரசியம்: வந்தவர்களும் அதே மலையில் அதே மானை வேட்டையாடினார்கள், அதே கடலில் அதே கலவாயைப் பிடித்தார்கள்.

இதை எழுதும்போது ஆனைக்கோட்டை நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அங்கே அகழ்ந்து, எலும்புக்கூட்டுடன் கிடந்த ஒரு முத்திரையைக் கண்டெடுத்தார்கள். அந்தச் சில எழுத்துகளைப் பற்றி நாங்கள் எத்தனை இரவுகள் விவாதித்திருப்போம்! அந்த மனிதர்கள் என்ன உண்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தெற்கிலோ 'பலாங்கொடை மனிதன்' என்பவரைத் தங்கள் பாட்டனாக்கிவிட்டார்கள். பாகியன்கல குகையில் கிடைத்த எலும்புகள் குறித்து 2019இல் வெளியான ஆய்வின்படி, 45,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்தவர்கள் மழைக்காட்டில் குரங்கும் மலையணிலும் பிடித்து உண்டார்கள். குரங்கெலும்பையே கூராக்கி ஆயுதமாக்கினார்கள். எளிதில் கையில் அகப்படாத மிருகங்களை ஓங்கிய மரங்களிலிருந்து வீழ்த்தத் தெரிந்தவர்கள் என்பது எவ்வளவு பெரிய செய்தி! அந்தக் குரங்கெலும்பில் சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை.

அகழ்வு என்ற சொல் இப்போது எங்கள் காதில் செம்மணி என்றே விழுகின்றது. 1999இல் தோண்டினார்கள், 2025இல் மறுபடியும் தோண்டினார்கள். அந்த எலும்புகள் வேறு. அவற்றுக்குப் பெயர் உண்டு, தேடுகின்ற தாய்மார் உண்டு. அங்கே யார் என்று கேட்பதுதான் முதல் கடமை. எனது சண்டை, அதே கேள்வியை மட்டுமே பத்தாயிரம் வருடத்து மண்ணிடமும் கேட்டு, அது சொல்ல வந்த மற்றதையெல்லாம் அரிதட்டில்கூட இடாமல் எறிந்துவிடுவதோடுதான். மீன்முள் சிறியது, மண்ணை அரித்தால்தான் அகப்படும்.

பல்லறோவில் கலவாயை 'சேர்னியா' என்பார்கள். விலை அதிகம், முழு மீன் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. தலையைக் கேட்டால் மீன்காரர் மலிவாகத் தருவார். அதைப் பிளந்து பழப்புளி விட்டுச் சொதி வைக்கின்றோம். முள்ளைக் குப்பைப் பையில் கட்டி, மற்றவர்கள் வைக்கின்ற அதே மூலையில் வைத்துவிட்டு வருகின்றேன்.