காந்தவூசி தீர்க்காத வழக்கு

1899ஆம் ஆண்டின் மாரியில், வடநோர்வேயின் ஹல்டே மலைமுடியில், ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்திலே, கிறிஸ்தியன் பிர்க்கலண்ட் என்னும் இளம் பேராசிரியரும் அவர்தம் தோழரும் காந்தவூசியின் அசைவைக் குறித்துக்கொண்டிருந்தனர். வானில் துருவவொளி பொங்கும்போது கீழே ஊசி நிலைகுலைந்தது. அவ்வாய்வுப் பயணத்தில் இளைஞரொருவர் பனிச்சரிவிற் சிக்கி மாண்டார். விஞ்ஞான வரலாறு எழுதுவோர் இத்தகையோரை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

ஞாயிற்றினின்று வரும் மின்னேற்றத் துணிக்கைகளைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களை நோக்கி வளைக்கிறது என்றார் பிர்க்கலண்ட். மின்னோட்டம் காந்தக்கோடுகளின் வழியே இறங்கி, 100 கிலோமீற்றர் அளவான உயரத்திற் கிடையாக ஓடி, மீண்டும் விண்வெளிக்கு ஏறுகிறது என்பது அவர் முடிபு. வெற்றிடப் பெட்டியுள் காந்தமேற்றிய உருண்டையொன்றின்மீது கதோட்டுக் கதிர்களைப் பாய்ச்சி, அதன் துருவங்களைச் சூழ ஒளிவளையம் எழுவதையும் காட்டினார். மின்வில்லால் வளியின் நைதரசனைப் பிடித்துப் பசளை ஆக்கும் முறையை 1903இல் சாம் ஐடேயுடன் சேர்ந்து உருவாக்கியவரும் இவரே. வானத்தை ஆராய்ந்த செலவிற் பெரும்பங்கை வயலுக்கான பசளை தாங்கிற்று!

ஆங்கிலக் கணிதவறிஞர் சிட்னி சாப்மன் இதனை ஏற்கவில்லை. மின்னோட்டம் வளிமண்டலத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்றார். ஒன்றை நாம் நேர்மையாகக் கூறவேண்டும்: தரையிலுள்ள காந்தவூசி இவ்வழக்கைத் தீர்க்கமாட்டாது. செங்குத்தோட்டத்தின் காந்தவிளைவும், அதனோடிணைந்த கிடையோட்டத்தின் ஒரு பகுதியது விளைவும், தரையில் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். இரு கொள்கைகளும் ஒரே அளவீட்டுக்குப் பொருந்தின. அங்ஙனமாயின் ஒன்று பாடநூலேறவும் மற்றது கனவென ஒதுக்கப்படவும் காரணம் யாது? சாப்மனின் சமன்பாடுகள் நேர்த்தியானவை. அவற்றின் பின்னே பெரும் அறிஞர் பீடங்களின் செல்வாக்கும் நின்றது. சுவீடனின் ஹன்னஸ் அல்வேன் 1939இல் பிர்க்கலண்டின் வழியிற் சென்று எழுதிய கட்டுரையை அமெரிக்க ஆய்விதழொன்று திருப்பியனுப்பிற்று.

பிர்க்கலண்ட் கூறியன யாவும் சரியென்று நாம் வாதிடவில்லை. ஞாயிறு இலத்திரன்களை மட்டும் கற்றையாக அனுப்புமாயின், அவை தம்முள் விலக்கிச் சிதறிவிடும் என்று ஆதர் சூஸ்டர் 1911இல் எழுப்பிய தடை வலிமையானது. ஞாயிற்றுக் காற்றில் நேரேற்றமும் எதிரேற்றமும் கலந்தே வருகின்றன.

தீர்ப்பு மேலிருந்து வந்தது. ஏறத்தாழ 1,100 கிலோமீற்றர் உயரத்தில் பறந்த அமெரிக்கச் செய்மதியொன்று துருவப்பகுதியிற் கண்ட காந்தக் குலைவுகள் 1966இல் வெளியாயின. முதலில் அவற்றை அலைகள் என்றனர். மறு ஆண்டே, அவை காந்தக்கோடுகள் வழியோடும் மின்னோட்டங்களின் அடையாளம் என விளக்கப்பட்டது. பிர்க்கலண்ட் 1917இல் தோக்கியோவில் இறந்து அப்போது 50 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வோட்டங்கள் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றன.